ஜூலை 21-க்கு முன் ஒரு பாடவேளை: சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப்பேர் என் பிள்ளைகளைவிட இளையவர்களாக இருப்பீர்கள். ஆனாலும் ஆசிரியருக்கு எழுதுகிறோம் என்றதும் கை கொஞ்சம் தயங்குகிறது. ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேரன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். சென்ற ஜூலையில், பள்ளிப் பிள்ளைகள் பல இனத்து உடைகளில் வரும் இன நல்லிணக்க நாளுக்கு முன், "பாட்டி, போன வருஷ ஜிப்பா கைகிட்ட ஏறிப்போச்சு" என்று வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தேக்காவுக்குப் போய் நீல நிறத்தில் ஒன்று வாங்கினோம். ஒரு டப்பா முறுக்கும் கட்டிக்கொடுத்தேன். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. அதில் எனக்குப் பெருமைதான். பாவாடை சட்டையில் ஒரு சீனப் பிள்ளை, பாஜு மெலாயு அணிந்து இவன் தோளில் கை போட்டு நிற்கும் மலாய்ப் பையன், வகுப்பே பளபளவென்று இருந்த அந்தப் படத்தை இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.

"இத ஏன்டா ஜூலை 21-ல வைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "அன்னிக்கு டெஸ்ட் எதுவும் இல்ல பாட்டி."

சிரித்துவிட்டேன். அவன் அக்கா உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளைக் கேட்டேன். வரலாற்றுப் பாடத்தில் படித்ததைக் கடகடவென்று ஒப்பித்தாள்: 1964-இல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம், ஜூலையில் 23 பேர், செப்டம்பரில் 13 பேர், ஆக 36 உயிர்கள். எண் ஒன்றுகூடத் தப்பவில்லை. "ஏன் அடிச்சுக்கிட்டாங்க?" என்றேன். "அது இனக் கலவரம் பாட்டி. அதான்."

நான் 31 ஆண்டுகள் தாதியாக இருந்தவள். நோயாளிக்குக் காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்கும்போது 'காய்ச்சல் வந்ததால்' என்று ஒரு பயிற்சித் தாதி பதில் சொன்னால் தலைமைத் தாதி அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டார். (தாதி என்றதும், 'எல்லோருடைய இரத்தமும் சிவப்புத்தான்' என்று அடுத்த வரியில் எழுதுவேன் என எதிர்பார்ப்பீர்கள். எழுத மாட்டேன். அது சிவப்பு என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதைச் சிந்தவும் வைத்தார்கள்.)

1964-இல் எனக்கு எட்டு வயது. கேலாங் செராய்ப் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம். மலாய்க்காரர்கள் அதிகம், சீனக் குடும்பங்கள் கொஞ்சம், எங்களைப் போலத் தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து. எல்லோருக்கும் ஒரே குழாயடி. விடியற்காலையில் ஆள் நிற்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் டின்னை வரிசையில் வைத்துவிட்டு வந்தால் போதும், பின்னால் வருகிறவர் நம் டின்னையும் நகர்த்தி விடுவார். முனையில் ஒரு சீனரின் மளிகைக் கடை. அம்மா கடனுக்குத்தான் வாங்குவார். அந்தக் காலத்தில் 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டு ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். கடைக்காரர் அதில் சீன எழுத்தில் பொருளையும் பக்கத்தில் தொகையையும் குறித்துக் கொடுப்பார். அம்மாவுக்கு அதில் எண் மட்டும்தான் புரியும். சம்பளம் வந்ததும் அந்த எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொடுப்பார்.

சண்டை கிடையாது. யாரைக் கேட்டாலும் ரொம்ப ஒற்றுமையாக இருந்தோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21 செவ்வாய்க்கிழமை. மீலாது நபி. பாடாங் திடலிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலமாகப் புறப்பட்டு எங்கள் பக்கம், கேலாங்கை நோக்கி, வந்தார்கள். மாலையில் காலாங் எரிவாயு ஆலைக்கு அருகே முதல் கைகலப்பு. யார் முதலில் கை நீட்டியது என்பதில் அன்றும் ஒரே கதை இல்லை, இன்றும் இல்லை. இரவு ஒன்பதரைக்கு ஊரடங்கு. துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அப்பா அன்றிரவு வீடு திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். இரவு முழுவதும் அம்மா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் டின்கள் இரண்டு வரிசையாக இருந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டின்களே தாமாக நகர்ந்துகொண்டது போல் இருந்தது. எங்கள் டின்னை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் ஓடிவந்து அம்மாவைக் கேட்டேன். "நடுவுல வை" என்றார். நடுவில் இடமே இல்லை.

செப்டம்பரில் திரும்பவும் வெடித்தபோது தொடங்கிய இடமே கேலாங் செராய்தான். ஒரு டிரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுநர் கொல்லப்பட்டார், அதிலிருந்து பரவியது. அந்த வாரத்தில் மளிகைக் கடை பூட்டப்பட்டது. கடைக்காரர் குடும்பத்தோடு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரவேயில்லை. எங்கள் நோட்டில் நாலு வெள்ளி நாற்பது காசு பாக்கி.

பெரியவளானதும் நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்துத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் சந்தில் அன்று மூன்று செய்தித்தாள்கள் வந்தன. அடுத்த வீட்டு மலாய்க்காரர் ஜாவி எழுத்தில் வந்த உத்துசான் மெலாயுவை வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். கடைக்காரர் நன்யாங் சியாங் பாவ் வாங்குவார். அப்பாவுக்கு ஒரு தமிழ்த் தாள். ஒருவர் தாளை இன்னொருவருக்குப் படிக்கத் தெரியாது.

சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. கிராஃபர்ட் வட்டாரத்து மறுகுடியமர்த்தலில் மலாய்க்காரர்கள் வஞ்சிக்கப்படுகிறார்கள் என்று ஒரு தாள் நாள்தோறும் எழுதியது. ஏப்ரலில் சிங்கப்பூரை ஆண்ட மக்கள் செயல் கட்சி தீபகற்பத் தேர்தலில் போய் நின்றது. மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ அதைத் தன் வீட்டுக்குள் நுழைந்ததாகப் பார்த்தது. ஜூலை 12 அன்று பாசிர் பாஞ்சாங்கில் நடந்த அம்னோ கூட்டத்தில் சையது ஜாஃபர் அல்பார் சூடாகப் பேசினார். துண்டுப் பிரசுரங்கள் சுற்றின. பக்கத்தில் மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய 'கொன்ஃபிரன்டாசி' மோதல் வேறு. இவ்வளவும் மலாய் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுப் பேச்சு. சீன வீடுகளில் அச்சம் வேறு மாதிரி இருந்தது: புதிய நாட்டில் நாம் இரண்டாந்தரக் குடிகள் ஆகிவிடுவோமோ என்று. மலாய்க்காரர்கள் சிங்கப்பூரில் சிறுபான்மை. சீனர்கள் மலேசியாவில் சிறுபான்மை. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு கூட்டமும் தன்னைத்தான் சிறுபான்மை என்று எண்ணிப் பயந்திருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரின் பயம் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. சிரித்தோம், கொண்டாட்டங்களுக்குப் பலகாரம் கொடுத்தோம், டின்னை நகர்த்தினோம். அவ்வளவுதான்.

வேறுபாடு அன்று புதிதாக முளைத்ததல்ல, நூறாண்டுக்கு மேலாக இருந்தது. 1822-இலேயே வெள்ளைக்காரன் படம் போட்டுச் சூலியாக் கம்பம், சீனர் கம்பம், புகிஸ் கம்பம் என்று பிரித்து வைத்திருந்தான். பிரிந்தே வாழ்ந்த எல்லா ஆண்டுகளிலும் இரத்தம் சிந்தவில்லை. பிரிந்து வாழ்வதோடு ஒரு குறை சேர வேண்டும். வீடோ வேலையோ மொழியோ, உண்மையானதோ ஊதிப் பெரிதாக்கியதோ. அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும் ஒருவர் வேண்டும். கடைசியாக ஒரு வதந்தி. வதந்தி ஏன் அவ்வளவு வேகமாக ஓடுகிறது? அது பொய் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எதிர்வீட்டை அறிந்தவர் யாரும் இந்தப் பக்கம் இல்லாததால். 1950-இல் மரியா ஹெர்டோக் வழக்கு, ஒரு முஸ்லிம் வளர்ப்புத்தாய்க்கும் டச்சுப் பெற்றோருக்கும் இடையிலான பிள்ளை வழக்கு, 18 உயிரைக் குடித்ததும் இப்படித்தான்: நீதிமன்றம் நம்முடையதல்ல என்ற எண்ணம் ஒரு பக்கம், கன்னிமாடத்தில் அந்தப் பெண்ணைக் காட்டிய பத்திரிகைப் படங்கள் ஒரு பக்கம்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு யாழ்ப்பாணத்து வேர் இருக்கும். எனக்கும் கல்யாணத்தால் அந்த உறவு உண்டு. 1956 தனிச் சிங்களச் சட்டம், 1958 கலவரம், எழுபதுகளின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1981-இல் யாழ் நூலக எரிப்பு, 1983 ஜூலை. இந்தப் பட்டியல் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட ஓரளவு தெரியும், ஏனென்றால் அடி வாங்கியது நாம். ஆனால் அதே கதையின் இன்னொரு பக்கத்தை நாம் வீட்டில் சொல்வதில்லை. வெள்ளையர் காலத்தில் மிஷன் பள்ளிகள் யாழ்ப்பாணத்தில் செழித்ததால் அரசாங்க வேலைகளில் தமிழரின் பங்கு மக்கள் விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தது. சிங்களக் கிராமத்துப் பையன் அதைக் குறையாக உணர்ந்தான். அந்தக் குறை பொய்யல்ல. அதை வைத்துத் தேர்தலில் ஏறியவர்கள் செய்தது கொடுமை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல எனக்கே அறுபது வயதாக வேண்டியிருந்தது. என் மைத்துனர் இன்னும் இதற்காக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அங்கேயும் பாருங்கள், தீவில் பெரும்பான்மையான சிங்களவர், பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள கோடிக்கணக்கான தமிழரை நினைத்துத் தங்களைச் சிறுபான்மையாக எண்ணிக்கொண்டார்கள். எங்கள் குழாயடியின் கதைதான்.

1965-இல் தனித்து நின்றபோது சிங்கப்பூரும் அந்த வழியில் போயிருக்கலாம். நான்கில் மூன்று பங்கு சீனர்கள். சீன மொழிக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்ற குரலும் இருந்தது. நான்கு மொழிகள் அதிகாரத்துவ மொழிகளாயின, மலாய் தேசிய மொழியாயிற்று. உங்கள் வகுப்பறை இருப்பதே அந்த முடிவால்தான். யாழ்ப்பாணத்தில் 1915-இல் பிறந்த அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1966-இல், பள்ளிகளில் சொல்லும் தேசியப் பற்றுறுதியின் முதல் வரைவை எழுதினார். ஆங்கிலத்தில் அது, இனம் மொழி மதம் எதுவாயினும் என்ற பொருளில்தான் வரும். நம் தமிழ் வடிவத்தில் 'வேற்றுமைகளை மறந்து' என்று இருக்கிறது. அந்த 'மறந்து' எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. மாற்றச் சொல்லி மனு எழுதவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் நாம் நிஜமாகவே மறந்துதான் போனோம் என்று தோன்றுகிறது.

அதன்பின் நடந்ததெல்லாம் வெறும் நல்ல மனத்தால் நடந்ததல்ல. 1989 மார்ச்சில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு இன விகிதம் வந்தது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, மலாய்க்காரர் 25-க்கு மேல் போகக்கூடாது. இந்தியரும் மற்றவரும் 13, அது 2010-இல் 15 ஆனது. நான் இதை ஆதரிப்பவள். பிடோக்கில் என் மாடியில் மூன்று இனமும் இருப்பதற்கு அந்த எண்களும் காரணம். ஆனால் இதற்கு விலை கொடுப்பது யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரு புளோக்கில் சீனரின் அளவு நிறைந்துவிட்டால், அங்கே வீட்டை விற்கும் இந்தியரோ மலாய்க்காரரோ சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்தான். காத்திருக்க வேண்டும், சிலசமயம் விலையையும் குறைக்க வேண்டும். சேர்ந்து வாழ்வதற்கான செலவில் சிறுபான்மையின் பங்கு கொஞ்சம் கூடுதல். உயர்நிலைப் பிள்ளைகளுக்கு இது புரியும். கணக்குப் பாடத்தைவிட எளிது.

பக்கத்து வீட்டில் குடிவைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவிலும் சான்று உண்டு. கோழிக்கோட்டிலும் அலிகாரிலும் முஸ்லிம்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். அலிகாரில் அடிக்கடி கலவரம் நடந்தது, கோழிக்கோட்டில் நடக்கவில்லை. அஷுதோஷ் வார்ஷ்னே என்ற அரசியல் ஆய்வாளர் இதற்குக் காரணம் தேடினார். கோழிக்கோட்டில் வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை எல்லாம் இரு மதத்தவரும் கலந்தே இருந்தன. வதந்தி கிளம்பினால் அதைக் கேட்டு நசுக்க ஆள் இருந்தார்கள். இங்கேயும் 1964-இல் கலவரத்துக்குப் பிறகு நல்லெண்ணக் குழுக்கள் அமைத்தது அதற்குத்தான். குழுவெல்லாம் கலவரத்துக்கு முன்பு இருந்திருக்க வேண்டியது.

சரி, இதை ஏன் சமூகவியல் பாட ஆசிரியருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறாள் இந்தக் கிழவி என்று கேட்பீர்கள்.

தாய்மொழி வகுப்புக்கு மணி அடித்ததும் என்ன நடக்கிறது? ஒன்றாக உட்கார்ந்திருந்த வகுப்பு மூன்றாகப் பிரிகிறது. சீனப் பிள்ளைகள் ஓர் அறை, மலாய்ப் பிள்ளைகள் ஓர் அறை, நம் பிள்ளைகள் உங்களிடம். பள்ளி நாளில் நம்மவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் வேளை அது ஒன்றுதான். அதைக் குறையென்று சொல்வோர் உண்டு. எனக்கு அது வாய்ப்பாகப் படுகிறது. மற்றவர் முன்னால் நாம் மரியாதையாகப் பேசுவோம். நம் அழுக்கை நாமே அலச வேண்டுமென்றால் நம் வீட்டுக் கொல்லைதான் சரி.

அழுக்கு இருக்கிறதா? இருக்கிறது. என்னிடமிருந்தே தொடங்குகிறேன். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கூட்டம் வெறிகொண்டு வாகனங்களை எரித்தது. மறுநாள் வேலையில் சீனத் தோழி ஒருத்தி என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை, சும்மா பார்த்தாள். நான் அவசரம் அவசரமாக, "அவங்க ஊர்லேர்ந்து வந்தவங்க, நாங்க அப்படி இல்ல" என்றேன். இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவர் பேசிய மொழிதான் நான் பேசுவதும், என் பேரன் உங்களிடம் படிப்பதும்.

இன்னொன்று. என் தங்கை மகள் வாடகைக்கு அறை தேடி அலைந்தபோது தொலைபேசியில் பெயரைக் கேட்டதுமே, "இந்தியர் வேண்டாம், சமையல் வாசனை" என்று ஒரு முகவர் வைத்துவிட்டார். வீடே கொதித்தது. அதே வாரம் அதே வரவேற்பறையில், மலாய்க்காரர்கள் சோம்பேறிகள், சீனனுக்குக் காசுதான் கடவுள் என்று பேச்சு ஓடியது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை, காது திறந்துதான் இருந்தது. 2025-இல் நாடாளுமன்றம் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் வரவேற்பறைக்குள் எட்டிப் பார்க்காது, பார்க்கவும் வேண்டாம். நீங்கள் பார்க்கலாம்.

நான் கேட்பது ஜூலை 21-க்கு முந்தைய வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை. ஜிப்பாவும் முறுக்கும் அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு வேளையில், "உங்க வீட்டுல மத்தவங்களப் பத்தி என்ன சொல்வாங்க?" என்று கேளுங்கள். பெயர் எழுதாத துண்டுத்தாளில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உண்மை வராது. "மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள்?" என்றும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளே மீதியைப் பேசுவார்கள். வகுப்பு கொஞ்சம் கலங்கும். பெற்றோரிடமிருந்து ஒரு மின்னஞ்சலும் வரலாம்; பாடத்திட்டம் முடியவில்லை என்ற நெருக்கடி உங்களுக்கு இருப்பதும் தெரியும். பிறகு கட்டுரைப் பயிற்சிக்கு 'நான் விரும்பும் விழா' என்ற தலைப்புக்குப் பதிலாக, மலாய் நண்பர் ஒருவரின் பாட்டிக்கோ சீன நண்பர் ஒருவரின் தாத்தாவுக்கோ அந்த வயதில் எதைக் கண்டு பயம் இருந்தது என்று கேட்டு வந்து தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிடித்த உணவைக் கேட்க வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். பயத்தைக் கேட்கட்டும்.

இந்த யோசனை பிடிக்காவிட்டால் விடுங்கள், உங்களுக்கு இதைவிட நல்லது தோன்றும். ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். முட்டி வலிக்கு மாடிப்படி ஆகாது, தரைத்தள வகுப்பாக இருந்தால் நல்லது.

வரும்போது அந்த 555 நோட்டையும் கொண்டுவருவேன். அம்மா சாகும்வரை பாஸ்போர்ட்டோடு சேர்த்து அதைப் பத்திரமாக வைத்திருந்தார். கடைக்காரர் எங்கேயாவது கண்ணில் பட்டால் பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்று. கடைசிப் பக்கத்தில் நாலு வெள்ளி நாற்பது காசுக்கு மேலே சீனத்தில் மூன்று வரி இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று இந்த அறுபது ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஒருவரும் யாரிடமும் கேட்டதில்லை. படத்தில் பாவாடை சட்டையில் நிற்கிறாளே, அந்தப் பிள்ளையிடம் காட்டிக் கேட்கும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறேன். பழைய கையெழுத்து, அவளுக்குப் புரியாமல் போகலாம். அவள் பாட்டிக்குப் புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
பிடோக்